கடை போட மனம் வரவில்லை என்றால் ஊக்கம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஏழு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கூலி, நூல், லைனிங், கரன்ட் பில் எல்லாம் போக மாதம் 20,000 ரூபாய் நிற்கிறது. "5 லட்சம் கடன் வாங்கி லாரன்ஸ் ரோட்டில் கடை போடுங்கள் அண்ணி, வீட்டுக்குள்ளேயே இருந்தால் எப்போது முன்னுக்கு வருவது?" என்கிறார் கொழுந்தனார். எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஊக்கம் போதவில்லையா?

பதில்: தீபாவளிக்கு முந்தின வாரம் நள்ளிரவு வரை மெஷினில் உட்காருகிறவருக்கு ஊக்கம் போதவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொழில் முனைவோரின் உந்துதலை ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், 1960களில் நம் கிழக்குக் கரையிலேயே உள்ள காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். அவர் ஆய்வில் ஒரு வளைய விளையாட்டு வரும். தரையில் நட்ட முளையில் விழும்படி வளையத்தை வீச வேண்டும். எங்கே நின்று வீசுவது என்பது அவரவர் விருப்பம். சாதிக்கும் வேட்கை அதிகம் உள்ளவர்கள் முளையை ஒட்டி நிற்பதில்லை, எட்டாத தூரத்துக்கும் போவதில்லை. முயன்றால் விழும் என்கிற நடுத் தூரத்தில் நிற்கிறார்கள். 5 லட்சத்துக்கு நீங்கள் தயங்குவதை அப்படித்தான் பார்க்கிறேன்.

அடுத்தது, எதை வெற்றி என்பது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் கணக்கு நோட்டைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் வெறும் தேதிகள், எல்லாமே செவ்வாய்க்கிழமை. வாரத் தவணைக்காரர் வந்து வாசலில் நிற்காத செவ்வாய்க்கிழமைகளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்! கடனில் இருந்தவருக்கு அதுதான் அளவுகோல். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போது வீட்டில் இருப்பது இன்னொருவருக்கு வெற்றி. தன் பெயரில் போர்டு தொங்குவது வேறொருவருக்கு. உங்களுடையது எது என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள். கொழுந்தனாருடைய வரி வேறாக இருக்கலாம், தப்பில்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இதில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. அந்த 20,000 முழுவதும் லாபம் கிடையாது. உங்கள் இடத்தில் ஒரு கட்டிங் மாஸ்டரை வைத்தால் என்ன கொடுப்பீர்கள்? நாளுக்கு 600 ரூபாய் என்றே வையுங்கள். 26 நாளுக்கு 15,600. தொழில் தனியாகச் சம்பாதித்தது 4,400 மட்டும். வீட்டில் தொழில் செய்யும் பெண்கள் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமலே காலம் தள்ளுவது எனக்குப் பெரிய ஆதங்கம். இந்த மாதத்திலிருந்து நோட்டில் "என் கூலி" என்று ஒரு பத்தி போடுங்கள்.

5 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 11,120 ரூபாய். 4,400-ல் அதை எப்படிக் கட்டுவது? உங்கள் கூலியில்தான் கை வைக்க வேண்டும். அட்வான்ஸ், வாடகை இன்னும் கணக்கில் வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் படுத்துவிடும். தானே புயல் நம் கரையில் ஏறியதும் 2011 டிசம்பர் 30, மார்கழியில்தான். பிளவுஸ் வராத மாதத்திலும் வாடகை வரும்.

அதற்காக அப்படியே இருங்கள் என்று சொல்லவில்லை. முளையை ஒட்டி நிற்பதும் வேண்டாம். ஓரம் அடிக்கும் பீக்கோவுக்கும் ஓவர்லாக்குக்கும் துணியை வெளியே கொடுக்கிறீர்கள் என்றால், அந்தக் காசு வீட்டிலேயே தங்குமாறு மெஷின் வாங்கலாம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரைக்குமான சிசு கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. அதே வட்டியில் மூன்று வருடத்துக்கு மாதம் 1,660 வாக்கில் வரும். அது 4,400-க்குள் அடங்கிவிடும். ஒரு ஆடி, ஒரு மார்கழி இரண்டையும் தவணை தவறாமல் கடந்த பிறகு கடைப் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அது இலவசம், இணையத்தில் ஆதார் எண்ணை வைத்துச் செய்யலாம். காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பதிவும் வங்கிக் கணக்கும் கடனும் மூன்றுமே உங்கள் பெயரில் இருக்கட்டும்.