‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 39 வயது. தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக எனக்கு வலியில்லாத நாள் என்று ஒன்று கிடையாது. கழுத்தில் தொடங்கும் வலி தோள், முதுகு, இடுப்பு என்று இறங்கி, மாலைக்குள் இரண்டு கால்களையும் பிழிந்து போட்டதுபோல் ஆக்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கி எழுந்த உணர்வே வருவதில்லை. கரும்பலகையில் நான்கு வரி எழுதினால் ஐந்தாவது வரிக்குக் கை எழும்பாததால், இப்போதெல்லாம் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியை எழுதச் சொல்கிறேன்.

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே வந்தது. ஒரு மருத்துவர் ஃபைலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “இவங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுலதான்” என்று என் கணவரிடம் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ‘வலிக்கிறது’ என்றால் யாரும் பதில் பேசுவதில்லை. “வேலைன்னு வந்தாதான் அவளுக்கு வலி வரும்” என்று மாமியார் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

மூன்று மாதங்களுக்கு முன் வாதநோய் மருத்துவர் ஒருவர், இது ஃபைப்ரோமயால்ஜியா என்று கூறி டுலாக்ஸெட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது மனச்சோர்வுக்கான மருந்து என்று கைப்பேசியில் படித்ததும் நெஞ்சை அடைத்தது. குமட்டலும் இருந்ததால் நான்கே நாளில் நிறுத்திவிட்டேன். அப்படியானால் அவர்கள் சொன்னதுதான் உண்மையா? நான் மனநோயாளியா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வலி உண்மையானது. ஃபைப்ரோமயால்ஜியாவில் மூட்டு தேய்வதில்லை, தசை வீங்குவதில்லை. வலிச் செய்தியை ஏற்று அளவிடும் மூளையும் தண்டுவடமும் அதைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டுவதே இந்நோயில் முக்கியமாக நிகழ்வது. அதனால்தான் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பரிசோதனைகள் வீண் அல்ல. தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய அவை தேவைப்படுகின்றன. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு (American College of Rheumatology) வகுத்த அளவுகோலின்படி, உடலின் 18 இடங்களை அழுத்தி 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று பார்த்தார்கள். 2010இல் அந்த எண்ணிக்கையைக் கைவிட்டு, களைப்பையும் ஓய்வு தராத தூக்கத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி மருத்துவருக்கு அவ்வளவு முக்கியமானது.

மாத்திரைக்கு வருகிறேன். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகள் இயங்கத் தேவையான வேதிப்பொருள்களை டுலாக்ஸெட்டின் கூட்டுகிறது. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்கும் இதே மாத்திரையைத்தான் தருகிறார்கள். அவர்களை யாரும் மனநோயாளி என்பதில்லை. முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல் வருவது வழக்கம், பலருக்கும் பிறகு குறைந்துவிடும். நீங்களாகவே மறுபடி தொடங்காமல், நிறுத்தியதையும் அதன் காரணத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். எந்த மருந்தும் இந்த வலியை முழுவதுமாக நீக்குவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: நான்கு ஆண்டுகள் யாரும் நம்பாமல் வாழ்ந்தவருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெட்கப்படத்தக்கதும் அன்று, உங்கள் வலியைப் பொய்யாக்குவதும் அன்று.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான். அதற்காக நாளைக்கே அரை மணி நேரம் நடக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் வீடு முழுவதும் ஒட்டடை அடித்து, போர்வைகளை எல்லாம் துவைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். ‘மனசுலதான்’ என்பதை அவர் ஒரு மருத்துவர் வாயால் கேட்டவர். அது தவறு என்பதையும் மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். மாமியாரிடம் இப்போது வாதாட வேண்டாம், இருக்கிற தெம்பு அதிலேயே போய்விடும். பள்ளியில் அந்தப் பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுக்க நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டிலும் அதே குரலில், மாவுப் பாத்திரத்தை இறக்கித் தரும்படி இன்றிரவே கணவரிடம் கேளுங்கள்.