கத்திரி வெயிலில் இளைக்கும் கோழிகள்

கேள்வி: கொல்லையில் பத்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து மதியத்தில் வாயைப் பிளந்து இளைக்கின்றன. முட்டை ஓடும் மெலிந்துவிட்டது. என்ன செய்யலாம்?
— வாசகி, கரூர்

பதில்: கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை, ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் உடற்சூடு கொண்ட அது, வாயைத் திறந்து இளைத்தும் சிறகுகளை விலக்கி வைத்தும்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அவ்வாறு இளைக்கையில் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதாலும், தீவனம் எடுப்பது குறைவதாலும், ஓடு உருவாவதற்கான சுண்ணாம்புச் சத்து போதாமல் போகிறது. கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்துத் தண்ணீர் வெயிலில் சுட்டுவிடும் என்பதால், அகன்ற மண்சட்டிகளை மரநிழலில் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, உச்சிப்பொழுதுக்குள் ஒருமுறையேனும் மாற்றுங்கள். செரிமானமே உடலில் சூட்டை உண்டாக்குவதால், கம்பையும் சோளத்தையும் அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பின்னரும் மட்டும் கொடுங்கள். கூண்டின் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். பக்கத்தில் ஈரச்சாக்கு தொங்கவிடலாம். ஆனால் காற்று அடைபட்டால் அந்த ஈரமே புழுக்கமாகிவிடும்.

தள்ளாடி விழும் கோழியை உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே அது இறந்துவிடக்கூடும்.