மழைக்காலத்தில் மசாய் மாராவுக்குச் சென்றால் செலவு குறையுமா?

குறையும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவில் வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூன் மாதங்களில் நாளொன்றுக்கு 100 டாலராகவும், ஜூலை–டிசம்பரில் 200 டாலராகவும் இருப்பதால், மூன்று நாள் பயணத்தில் இதிலேயே தலைக்கு 300 டாலர் மிச்சமாகும். ஏப்ரல், மே பெருமழைக் காலமென்பதால் அங்குள்ள தங்கும் முகாம்களும் வாடகையைக் குறைத்துக்கொள்ளும். சில மூடியே இருக்கும்.

வில்டபீஸ்ட் எனப்படும் காட்டுமாட்டு மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை அப்போது காண இயலாது. அது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரைக்குமானது. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவை ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பவை. புல் உயர்ந்திருப்பதால் சிறுத்தையைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

மண்ணோ நம் கரிசல் மண்ணைப் போன்றது. ஒரு மணி நேர மழையில் சக்கரத்தை அப்பிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நான்கு சக்கர இயக்கமுள்ள லேண்ட் குரூசரில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அறுவராகச் சேர்ந்து வாடகையைப் பகிர்வதே உண்மையான சிக்கனம். செக்கெனானி, தாலெக் வாயில்களுக்கு வெளியேயுள்ள எளிய கூடார முகாம்கள் போதுமானவை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து சான்றிதழின்றி இந்தியா திரும்புவோரைத் தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.