14 வாரமாக பைண்டிங் விழவில்லை, காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய பதிப்பான கிளாசிக்கில், முன்னால் நின்று அடி தாங்கும் வாரியர் டேங்க் நான். தண்டர்ஃப்யூரி வாளுக்காக என் கில்டோடு (விளையாட்டுக் குழு) மோல்டன் கோர் என்ற இடத்துக்கு ரெய்டு, அதாவது 40 பேர் கூட்டுத் தாக்குதல், போகிறேன். அந்த வாளுக்கு பைண்டிங் என்ற பொருளின் இரண்டு பாதிகளும் வேண்டும்; ஒரு பாதி கிடைத்துவிட்டது. அங்குள்ள பாஸ் (பெரிய எதிரி) பாரன் கெடானிடம் விழவேண்டிய மறுபாதி 14 வாரமாக விழவில்லை. டிஸ்கார்டில் ஒருவர், “8,000 ரூபாய் அனுப்புங்க, ரெண்டே வாரத்துல உங்க பையில இருக்கும்” என்கிறார். நம்பலாமா? கில்டு மாறலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். கெடானை ஒரு கேரக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் அடிக்க முடியும். பைண்டிங் விழும் வாய்ப்போ, வீரர்கள் எண்ணிப் பார்த்த கணக்கில், நூற்றுக்கு 3 அல்லது 4. இரண்டு வாரம் என்றால் நூற்றுக்கு 8-கூட இல்லை. இதற்கு எவர் உத்தரவாதம் தந்தாலும் பொய். 14 வாரம் வெறுங்கையோடு திரும்பியதும் அதிசயமல்ல; உங்களைப் போன்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதே கதிதான்.

எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. தபாலில் போகாது, ஏலக்கடையிலும் ஏறாது. அப்புறம் எப்படித் தருவார்? உங்கள் அக்கவுன்டுக்குள் அவரே நுழைந்தால்தான் உண்டு. முதலில் பணம், அடுத்து பாஸ்வேர்டு, அதற்கடுத்து “மெயிலுக்கு ஒரு கோடு வந்திருக்கும், சொல்லுங்க ப்ரோ”. அப்படிக் கோடு சொல்லிவிட்டு என்னிடம் வந்த ஒருவரின் வாரியர், உடம்பில் ஒரு கவசம்கூட இல்லாமல் நின்றிருந்தான். விளையாட்டு வங்கியில் சேர்த்திருந்த ஆர்க்கனைட் என்ற உலோகக் கட்டிகள் மொத்தமும் போயிருந்தன. அக்கவுன்டைப் பகிர்வதே விதிமீறல் என்பதால் புகார் சொல்லவும் அவருக்குப் பயம்.

“விழுந்த பொருளை 2 மணி நேரத்துக்குள் ட்ரேட் செய்யலாமே” என்று அந்த டிஸ்கார்டு தரகர் சொல்வார். உண்மைதான், ஆனால் முழுசாகக் கேளுங்கள். அந்தப் பாஸ் சாகும்போது அதே ரெய்டில் இருந்து, லூட்டுக்கு (விழும் பொருளுக்கு) தகுதி பெற்றவர்களுக்குள் மட்டும்தான் அது நடக்கும். வெளியே நின்றவருக்குக் கிடையாது, பிறகு வந்து சேர்ந்தவருக்கும் கிடையாது. அந்த வாரம் உங்கள் கில்டோடு கெடானை அடித்து முடித்திருந்தால் அவருடைய ரெய்டில் உங்களுக்கு இடமே இல்லை. தவறான கைக்குப் போன பொருளைத் திருத்திக்கொள்ள வைத்த வசதி அது, விற்பனைக்கு வைத்ததல்ல.

அடுத்து, விளையாட்டுக்குள் செல்லும் பணமான கோல்டை விற்பார். விழுந்த பொருளை ரெய்டிலேயே கோல்டுக்கு ஏலம் விடும் ஜி.டி.கே.பி. முறைக்கு அது வேண்டும் என்பார். 2024-இல் திறந்த ஆண்டுவிழா சர்வர்களில் அந்த முறைக்கே தடை. இப்படித் தரகரிடம் ரூபாய்க்கு கோல்டு வாங்குவது எந்த சர்வரிலும் அக்கவுன்டைப் பறிகொடுக்கும் வழி.

எனக்குக் கோபம் இந்த அமைப்பின் மேலும்தான். 40 பேர் உழைப்புக்கு ஒரு துண்டு, அதுவும் விழுந்தால். எத்தனை வாரம் ஏமாந்தாலும் அடுத்த வார வாய்ப்பு இம்மியும் கூடாது. நவீனப் பதிப்பில் 2020 முதல் வாராந்தரப் பெட்டகம் வைத்து, ரெய்டில் கை காலியாகத் திரும்பியவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். கிளாசிக்கில் அப்படி ஒன்றும் இல்லை. பஞ்சத்தை இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் தரகர் வராமல் என்ன செய்வார்?

கில்டு மாறும் முன், அடுத்த கெடான் பைண்டிங் யாருக்கு என்று ரெய்டு லீடரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர் வந்தால் அங்கேயே இருங்கள். மழுப்பினால் மாறலாம், கையில் ஒரு பாதி இருப்பதைப் புதிய இடத்தில் முதல் நாளே சொல்லி, வரிசையைப் பேசிக்கொண்டு சேருங்கள். அதுவரை வாளுக்குத் தேவையான எலிமென்டியம் கட்டி பத்துக்கும் பொருள் சேருங்கள். அதற்கே ஆர்க்கனைட் 100 வேண்டும்.

பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றிரவே மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு கேம் பாஸ்வேர்டு, உடனே, உள்ளே நுழையத் தனிக் கோடு கேட்கும் அதென்டிகேட்டர்.