பேர் வெட்டாத கோப்பை

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

உங்கள் 'மங்குக் கோப்பை' கதையை இரண்டு தடவை வாசித்தேன். சொக்கலிங்க ஐயாவை எனக்கு நேரில் தெரியும் என்றே தோன்றியது. என் அப்பச்சியும் (அப்பா) அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுவார். கணக்கில் ஒரு தம்பிடி பிசகாது. வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பமாட்டார். அப்படிப்பட்டவர், அதுவும் பர்மாவில் அவமானப்பட்டுத் திரும்பியவர், தன் கொல்லையில் வேலை செய்யும் மாரிக்குத் தனியாக, எனாமல் பூசிய மங்குக் கோப்பை வைப்பாரா? வைத்தாலும் அது அந்தக் காலத்துப் பழக்கம்தானே? நல்ல மனிதராகவே காட்டிவிட்டு, கடைசியில் சாதி பார்ப்பவராக ஆக்கிவிட்டீர்கள். வலிந்து செய்தது போல இருக்கிறது.

கே., தேவகோட்டை

அன்புள்ள கே.,

'கடைசியில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நான் அவரை மாற்றவில்லை. முதல் பக்கத்திலிருந்தே அவர் அப்படித்தான் இருக்கிறார். நீங்கள் மெச்சும் குணங்களுக்குள்தான் அது இருக்கிறது. அதனால்தான் கண்ணில் படவில்லை.

அவருடைய ஞாபகசக்தியைப் பாருங்கள். பர்மாவில் பெகு பக்கத்தில் தன் கடையில் கடன் வாங்கிய விவசாயியின் பெயர், தகப்பன் பெயர், ஊர், நெல் வயலின் அளவு, எல்லாம் 30 வருஷம் கழித்தும் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்தபடி ஒப்பிப்பார். வட்டிக் கடைக்கு எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகப் போய், கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர், மறக்கமாட்டார். அதே மனிதரின் பேரேட்டில் மாரி 'கொல்லை ஆள்' என்றுதான் இருக்கிறார். மாரியின் தகப்பனும் அதே வீட்டில் வேலை செய்தவர். அவர் பெயர் என்ன என்று பேரன் கேட்கும்போது ஐயா சிறிது யோசிக்கிறார், பிறகு பேச்சை மாற்றுகிறார். அந்த இடத்தை நீங்கள் முதுமையின் மறதி என்று வாசித்திருக்கலாம். மறதி இல்லை. மனதில் பதியவே இல்லாத ஒன்றை எப்படி மறப்பது?

அடுத்து, மாரி மகளின் கல்யாணம். ஐயா முழுச் செலவையும் ஏற்றார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மாரி கேட்டது தானம் இல்லை. "கடனாக் குடுங்கய்யா, கூலியில கழிச்சுக்கிறேன்" என்றுதான் கேட்டார். "உங்கிட்டப் போயி நான் வட்டி வாங்குறதா?" என்று ஐயா மறுத்து, அந்தத் தொகையைத் தர்மக் கணக்கில் எழுதினார். கடன் கொடுத்தால் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், கைநாட்டு வாங்க வேண்டும், வாக்கை நம்ப வேண்டும். கடல் தாண்டி, முன்பின் தெரியாத விவசாயிக்கெல்லாம் கொடுத்த அந்த மதிப்பை இருபது வருஷமாகத் தன் வீட்டு நெல்லைச் சுமந்தவருக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பணம் கொடுக்க மனம் வந்தது. அந்தக் காட்சியை எழுதிவிட்டு இரண்டு நாள் வேறு எதுவும் எழுத முடியாமல் இருந்தேன்.

பர்மாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். பட்டவருக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். ரங்கூனில் அவரை 'கலா' என்று கூப்பிட்டார்கள். இந்தியர்களை இழிவாகச் சொல்ல அங்கே புழங்கிய சொல். "எனக்குன்னு ஒரு பேரு இருக்குறதையே மறந்துட்டான்" என்று பேரனிடம் குரல் உடைந்து சொல்கிறார். அடுத்த வரியிலேயே "ஏய், யார்றா அது கொல்லையில?" என்று அழைக்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பலமுறை திருத்தி எழுதினேன்.

அவர் வலி பொய் இல்லை. ஆனால் மனிதர்களை வரிசைப்படுத்தியதற்காக அவர் வருந்தவில்லை. தன்னைத் தவறான வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்றுதான் வருந்தினார். அந்த வருத்தம் எத்தனை வருஷம் நீடித்தாலும் மாரி வரைக்கும் போய்ச் சேராது. பர்மாக்காரனின் கோபத்தையும் அவர் யோசித்துப் பார்த்ததில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் கடன் கொடுத்த செட்டியார்கள் வசம் நூற்றுக்கு 6 அளவில் இருந்த நிலம் 1938-க்குள் 25 ஆனது. நம் ஆட்கள் நிலத்துக்குப் போகவில்லை, பணத்துக்குத்தான் போனார்கள் என்பது உண்மை. வயலை இழந்தவனுக்கு அது ஆறுதல் இல்லை. அந்தக் கோபம் ஒரு இனத்தின் மேலேயே வெறுப்பாகத் திரும்பியது தவறு, பெரும் தவறு. ஆனால் தன் கணக்கு சுத்தம் என்பதோடு ஐயாவின் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. அதே சுத்தம்தான் வீட்டிலும். தன் கணக்கில் பிழை இல்லை என்றால் தன்னிடமே பிழை இல்லை என்று நம்புகிறவர் அவர்.

'அந்தக் காலத்துப் பழக்கம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காலம்? 1930 டிசம்பரில் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் தலித்துகளுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்றெல்லாம். "மண் சட்டிதான்னு ஊரே சொன்னப்ப எங்க அப்பச்சி மங்குக் கோப்பை வச்சாரு" என்று ஐயா பெருமையாகச் சொல்வது இதை நினைத்துத்தான். கதை நடப்பது 1971-இல். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. கோப்பை மட்டும் மாடக்குழியை விட்டு நகரவில்லை. அந்தப் பெருமைதான் அதை நகர விடவில்லை.

நம் வீடுகளில் கரண்டி முதற்கொண்டு பேர் வெட்டாத சாமான் உண்டா? எங்கள் வீட்டில் மங்குச் சாமானின் அடியில்கூடச் சிவப்புப் பெயிண்டில் இனிஷியல் எழுதியிருக்கும். சில வருஷங்களுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், நீல விளிம்பு வைத்த கோப்பை ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் மங்கு உதிர்ந்து கருப்பாக இரும்பு தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் எழுத்து எதுவும் இல்லை. அது யார் வீட்டில் எதற்காக இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கதை அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒன்று இருந்தது. எட்டு வயதில், விளையாடிவிட்டு வந்த தாகத்தில், அதில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டேன். என் ஐயா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வேறு யாரையும் கூப்பிடாமல், தானே வாளி வாளியாக இறைத்து என் தலையில் ஊற்றினார். சோப்பு நுரை கண்ணில் இறங்காமல் ஒரு கையால் என் நெற்றியில் அணை கட்டியபடி தேய்த்துவிட்டார். குளிர்ந்த தண்ணீர், சூடான கை. துவட்டிவிட்டு, வெள்ளைப்பணியாரம் இரண்டை ஊட்டியும் விட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்தக் கோப்பை மாடக்குழியில் இல்லை. எனக்கு எட்டாத உயரத்தில், புதிதாக அடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.