வழக்குச் செலவுக்கு வளையலை விற்கும் முன்

விவாகரத்து வழக்கு என்று என்னிடம் வருகிற பெண்களில் பலர், வருவதற்கு முன்பே இரண்டு வளையலை விற்றுவிட்டுத்தான் வருகிறார்கள். இன்னும் சிலர் அடகுச் சீட்டைப் பர்ஸில் நாலாக மடித்து வைத்திருப்பார்கள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "கோர்ட்டுன்னா காசு வேணுமில்லீங்க" என்பார்கள். வேணும்தான். ஆனால் அந்தக் காசை முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. வந்த கேள்விகளில் செலவு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பல்லடம் பக்கம் என் வீட்டுக்காரர் 12 தறி ஓட்டுகிறார். விவாகரத்துக் கேட்டு அவர்தான் வழக்குப் போட்டிருக்கிறார். நான் குழந்தையோடு கோபியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். எனக்கு வருமானம் இல்லை. வட்டிக்கு வாங்கித் தருவதாக அண்ணன் சொல்கிறார். அவர் போட்ட வழக்குக்கு நாங்கள் ஏன் கடன்பட வேண்டும்?

அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அம்மணி. இந்து திருமணச் சட்டம், 1955-ல் 24-வது பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. கணவன், மனைவி இருவரில் யாருக்குத் தன் பிழைப்புக்கும் வழக்குச் செலவுக்கும் போதுமான சொந்த வருமானம் இல்லையோ, அவருக்கு மற்றவர் பணம் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடலாம். வழக்கைப் போட்டது யார் என்பது பொருட்டே இல்லை. தப்பு யார் மேல் என்ற விசாரணையும் இந்தக் கட்டத்தில் கிடையாது. பணம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

இதற்குத் தனி வழக்கு வேண்டாம். நடக்கிற வழக்கிலேயே ஓர் இடைக்கால மனுப் போட்டால் போதும். மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: மாதாமாதம் ஜீவனாம்சம் இவ்வளவு, வழக்குச் செலவு இவ்வளவு. ஜீவனாம்சத்தை எழுதிவிட்டு வழக்குச் செலவை மறந்துபோன மனுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்காததைக் கோர்ட் தானாகத் தராது. வக்கீல் ஃபீஸ், டைப்பிங், நகல் செலவு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபியிலிருந்து திருப்பூர் போய்வரும் பஸ் செலவு வரை கணக்காக எழுதுங்கள். குழந்தைக்கு 26-வது பிரிவில் தனியாகக் கேட்கலாம்.

எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து, முடிந்தவரை 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு. அப்படி இழுத்தால் இந்த 60 நாள் விதியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் ஒரு மெமோ தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கோர்ட்டில் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கூலி குறைந்துவிட்டது, பாவு வரவில்லை, பாதித் தறி நிற்கிறது என்பார். உண்மையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச மனு வந்துவிட்டால் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதில் பொய் இருந்தால் அதற்கே தனியாக நடவடிக்கை எடுக்கலாம். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நாள் கடத்தாதீர்கள்.

நம் பக்கத்துக்கு ரொம்பவும் பொருந்துகிற ஒரு விஷயம் அதில் உண்டு. விவசாயக் குடும்பங்களுக்கென்று தனிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை ஏக்கர், அதில் இவர் பங்கு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன வெள்ளாமை, கடந்த 3 வருடத்தில் நிலத்திலிருந்து என்ன வருமானம், ஆடு மாடு கோழி எத்தனை, நிலத்தின் மேல் கடன் உண்டா என்று எல்லாம் கேட்கிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் வரிக் கணக்கை மட்டும் காட்டி "எனக்கு ஒன்றும் இல்லை" என்று தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் தப்பிக்க முடிந்தது ஒரு காலம். இந்தப் படிவம் அந்த வழியை அடைக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களைத் தேடுங்கள். தறிக் குடோன் கரண்ட் பில், பாவு நூல் வந்த ரசீது, ஜிஎஸ்டி எண், தோட்டத்துச் சிட்டா எதுவானாலும் சரி. எனக்கு ஒரு வழக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண் எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் தறிக்காரர்களுக்குக் கூலிப் பட்டுவாடா எழுதியவர். கோடு போட்ட நோட்டில், தறி நம்பர், மீட்டர், கூலி, முன்பணப் பிடித்தம் எல்லாம் அவர் கையெழுத்து. நோட்டு அங்கேயே மாட்டிக்கொண்டது. ஆனால் கூட்டலைச் சரிபார்க்க நாலைந்து பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். வாரம் இத்தனை ஆயிரம் கூலி கொடுக்கிற ஆளுக்கு மாத வருமானம் எப்படி 8,000 ரூபாயாக இருக்கும் என்று கேட்க, அந்தப் படங்கள் போதுமானதாக இருந்தன.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரச் சம்பளம் வருகிறது. "நீ வேலைக்குப் போகிறாய், உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்கிறார்கள். நிஜமா?

இல்லை. வருமானமே இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, போதுமான வருமானம் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வீட்டு வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், மளிகை எல்லாம் போக வக்கீலுக்குக் கொடுக்க என்ன மிஞ்சுகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சம்பளத்தை மட்டும் மறைக்காதீர்கள். அவர்கள் கம்பெனியிலிருந்து சம்பளப் பட்டியலை வரவழைத்துவிட்டால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

இலவச வக்கீல் ஏழைகளுக்கு மட்டும்தானே? அப்பா பேரில் 5 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. எனக்குத் தருவார்களா? தந்தாலும் ஒழுங்காக நடத்துவார்களா? (காங்கேயம்)

தருவார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பெண் என்ற ஒன்றே தகுதி. அப்பாவின் தோட்டத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கணவரின் சொத்தும் தடை ஆகாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படியே. சட்டம் சொல்லும் இப்படிப்பட்ட பிரிவுகளில் வராத ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு உண்டு.

மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். வெள்ளைத் தாளில் மனு எழுதி, ஆதார் நகலோடு கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து வழி கேளுங்கள். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாமே இந்த உதவிக்குள் வரும்.

ஒழுங்காக நடத்துவார்களா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நல்லவர்களும் இருக்கிறார்கள், வாய்தாவுக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்குகிற வக்கீல்களிடமும் இதே கதைதான். ஆனால் இங்கே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி. வக்கீல் வரவில்லை, அல்லது தனியாகப் பணம் கேட்கிறார் என்றால் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். இலவச வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. குமாஸ்தாவுக்கு என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

என் நகை 60 பவுனும் மாமியார் பேரில் இருக்கிற பேங்க் லாக்கரில். அது கிடைத்தால் செலவைப் பார்த்துக்கொள்வேன். எப்படி வாங்குவது?

கல்யாணத்துக்கு உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சொத்து, லாக்கர் யார் பேரில் இருந்தாலும். பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையைத் தரச்சொல்லி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன்கீழ் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதைவிட அவசரமானது, லாக்கரைத் திறக்கவோ நகையை விற்கவோ கூடாது என்று 18-வது பிரிவில் தடை வாங்குவது. அதை முதல் நாளிலேயே கேளுங்கள். நகை கைமாறிவிட்டால் பிறகு வெறும் காகிதச் சண்டைதான்.

பில் இல்லை என்று பயப்பட வேண்டாம். ஒரு தாயும் மகளும் என் மேசையில் கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து, மணமேடைப் படத்தில் ஒவ்வொரு நகையாக விரல் வைத்துச் சொன்னார்கள். "இந்த ஆரம் எங்க அம்மிச்சி போட்டதுங்க. இந்த நெக்லஸ் மாமன் சீருங்க. இந்த வளையல் ஆறும் கோயமுத்தூர்ல வாங்கினதுங்க." அப்படியே பட்டியல் எழுதி, படத்தின் நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்தோம். சீர் செய்த மாமன் சாட்சி சொல்ல வந்தார். நகைக்கடைப் பழைய பில், அப்பாவின் பேங்க் பாஸ்புக்கில் அந்த மாதம் எடுத்த தொகை எல்லாமே உதவும். பவுன் கணக்கை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். 60 பவுன் என்றால் 60-க்கும் பதில் இருக்க வேண்டும்.

திருச்செங்கோடு. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்தபோது கால் போய்விட்டது. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவர்தான் வழக்குப் போட்டிருக்கிறார். ஆம்பளை செலவு கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், தம்பி. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. 24-வது பிரிவு கணவனையும் சேர்த்தே சொல்கிறது. மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மனைவியின் பதவி விவரம் இவற்றோடு மனுப் போடுங்கள். மாற்றுத்திறனாளி என்பதால் இலவச வக்கீலும் உங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் கல்யாணம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நடந்ததாக இருந்தாலோ, கிறிஸ்தவத் திருமணமாக இருந்தாலோ இந்த உரிமை மனைவிக்கு மட்டும்தான்.

இப்போது ஃபீஸ் வேண்டாம், ஜீவனாம்சம் வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கு தாருங்கள் என்கிறார் ஒரு வக்கீல். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்திருக்கின்றன. தொகையைத் தவணையாகப் பேசிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி யாராவது உங்கள் வழக்குக் கட்டைத் தர மறுத்தால், அந்த உரிமையும் வக்கீலுக்குக் கிடையாது என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உத்தரவு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு பைசா வரவில்லை. (பெருந்துறை)

எந்தச் சட்டத்தில் வாங்கிய உத்தரவு என்று பாருங்கள். 24-வது பிரிவில் என்றால், 28-ஏ பிரிவின்படி நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளத்தையோ சொத்தையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். வழக்கு அவர் போட்டது என்றால், பாக்கியைக் கட்டும்வரை அதை நகரவிடாமல் நிறுத்திவைக்கவும் கேளுங்கள். வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவரின் எதிர்வாதத்தையே கோர்ட் நீக்கிவிடலாம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில், அதாவது அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-வது பிரிவில் வாங்கியது என்றால் வாரண்ட் கேட்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் பணம் சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். "அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லியே அந்த ஒரு வருடத்தைக் கடத்துகிறவர்கள் உண்டு. ஐந்து மாதம் போய்விட்டது, இந்த வாரமே போங்கள்.

அவர் பெங்களூரில் வழக்குப் போட்டிருக்கிறார். நான் தாராபுரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர முடியவில்லை.

வேறு மாநிலத்து வழக்கை இங்கே மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். டெல்லி என்றதும் மலைக்காதீர்கள், அங்கேயும் பெண்களுக்கு இலவச வக்கீல் தர ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மாற்றுவது என்றால் உயர் நீதிமன்றம். அதிலும் கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல்காரர்கள் சென்னைக்கு. மாற்றம் வரும்வரை, பெங்களூர் கோர்ட்டிலேயே 24-வது பிரிவில் மனுப் போட்டுப் பயணச் செலவையும் கேளுங்கள். துணைக்கு வருபவரின் டிக்கெட்டையும் சேர்த்து, இதுவரை போய்வந்த பஸ் டிக்கெட்டுகளை ஒரு தாளில் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். நீங்களாக வழக்குப் போடுவதாக இருந்தால் பெங்களூர் போகவே வேண்டாம். 2003-ல் வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் குடியிருக்கிற ஊருக்கான கோர்ட்டிலேயே போடலாம்.