செல்போன் அணைந்துவிட்டது, சீசன் டிக்கெட் அதற்குள்ளே: வழக்கு வருமா?

கேள்வி: ஐயா, நான் தாம்பரத்திலிருந்து நகருக்குள் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். சீசன் டிக்கெட்டைச் செல்போன் செயலியில்தான் எடுத்திருக்கிறேன். போன வாரம் ரயிலை விட்டு இறங்கி மேம்பாலம் ஏறும்போது டிக்கெட் பரிசோதகர் நிறுத்தினார். சார்ஜ் தீர்ந்து செல்போன் அணைந்திருந்தது. 260 ரூபாய் கட்டச் சொன்னார். பெயரையும் ஊரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது பக்கத்தில் நின்ற ஒருவர், ‘எனக்குத் தெரிஞ்சவர்தான்மா, 200 குடு, நான் பேசி முடிச்சிடுறேன், இல்லன்னா கோர்ட்டு கேஸுன்னு அலையணும்’ என்றார். பயத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ரசீது எதுவும் இல்லை. அரசுத் தேர்வு எழுதியிருக்கிறேன், இது வேலைக்குத் தடையாகுமா? பணம் கட்டி எடுத்த சீசன் இருந்தும் அபராதம் கேட்டது சரியா?

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள், உங்கள் பெயரில் வழக்கு இருக்க வாய்ப்பில்லை. வழக்குப் போடுவதாக இருந்தால் அன்றைக்கே உங்களை ரயில்வே பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்திருப்பார்கள், இல்லையென்றால் ரயில்வே நீதிமன்றத்தில் நிறுத்தியிருப்பார்கள். ஒரு தாளில் பெயரைக் குறித்ததால் மட்டும் யார் மீதும் வழக்கு வந்துவிடாது. ‘வீட்டுக்குச் சம்மன் வரும், வேலை கிடைக்காது’ என்பதெல்லாம் உங்களைப் போன்றவர்களைப் பயமுறுத்திக் காசு பறிக்கிறவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வசனம். நான் பல வருடம் டிக்கெட் கவுன்டரிலும் அப்புறம் பரிசோதனைப் பிரிவிலும் இருந்தவன். இந்த வசனத்தைக் கேட்டு அழுத பெண்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டத்தை உங்களுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்கிறேன். 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தில் 137, 138 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போகிறவருக்கு 137. அது குற்றம், நீதிமன்றத்துக்குப் போகும், 6 மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 138 அப்படி இல்லை. கேட்டவுடன் டிக்கெட்டைக் காட்ட முடியாதவர் பயணக் கட்டணத்தையும் அதோடு கூடுதல் கட்டணமாக 250 ரூபாயையும் அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். பயணக் கட்டணம் 250க்கு மேல் போனால் அந்தத் தொகைதான் கூடுதல் கட்டணம், நம் மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு அந்தப் பேச்சே எழாது. உங்கள் 10 ரூபாய் தூரத்துக்கு 10ம் 250ம் சேர்த்து 260, அவர் கேட்டது சரியான கணக்குதான். அதைக் கட்டி ரசீது வாங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வேலைக்கான படிவத்தில் ‘நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று கேட்கும் இடத்தில் இதை எழுத வேண்டியதும் இல்லை, ஏனென்றால் இது நீதிமன்றம் விதித்தது அல்ல. 137இல் நடுவர் முன்னால் நின்று அபராதம் கட்டியவர் மட்டும் அதை மறைக்கக் கூடாது, மறைத்தால் பிற்பாடு அதுவே பெரிய சிக்கலாகும்.

பணம் கட்டி எடுத்த சீசன் இருந்ததே என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது, விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. பரிசோதகர் கேட்கும் நேரத்தில் காட்ட முடியாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டாகத்தான் கணக்கில் வரும். செல்போனில் எடுக்கும் டிக்கெட்டுக்கு, சார்ஜ் தீர்ந்தது, திரை உடைந்தது, செயலி திறக்கவில்லை எதுவும் காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று காட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதுவும் செல்லாது, செயலியைத் திறந்து அதற்குள்ளே இருக்கும் டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். அதற்கு இணையம் தேவையில்லை என்பது ஒரு சின்ன வசதி, சிக்னல் கிடைக்காத இடத்திலும் திறக்கும்.

சரி, இப்போது அந்த 200 ரூபாய்க்கு வருவோம். அந்த ஆள் பரிசோதகரிடம் பேசினாரா, பேசுவதுபோல நடித்துவிட்டு உங்களை அனுப்பிவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டாரா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். 60 ரூபாய் மிச்சம் என்று தோன்றியிருக்கும், ஆனால் ரசீதில்லாமல் கொடுத்த 200க்கு எந்தப் பலனும் இல்லை. அடுத்த நிலையத்தில் இன்னொரு பரிசோதகர் நிறுத்தியிருந்தால் ‘அங்கே கொடுத்தேன்’ என்று சொல்லிக் காட்ட உங்களிடம் என்ன இருந்தது?

ரசீதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதுதான் உங்களுக்குக் காப்பு. பரிசோதகர் கையில் அச்சடித்த, வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் இருக்கும், அல்லது கையடக்கக் கருவி இருக்கும். புத்தகமாக இருந்தால் நடுவில் கார்பன் வைத்து எழுதுவார், உங்களுக்குக் கிடைக்கும் தாளில் எங்கிருந்து எங்கே, பயணக் கட்டணம் எவ்வளவு, கூடுதல் கட்டணம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டத்தில் இருக்கும், கீழே கையெழுத்தும் தேதியும். வாங்கியவுடன் மடித்துப் பையில் போட்டுவிடாதீர்கள். நின்று மொத்தத்தைப் படியுங்கள், நீங்கள் கொடுத்த பணமும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கார்பன் மங்கலாக விழுந்திருந்தால் அவர் முன்னாலேயே ‘சார், தொகை தெரியவில்லை’ என்று சொல்லுங்கள், தவறில்லை. இன்னொன்று, கியூஆர் கோடு காட்டி அனுப்பச் சொன்னால் பணம் போகும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள், அங்கே தனி ஆளின் பெயர் வந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள். சீருடை இல்லாமல் வந்து டிக்கெட் கேட்டால் அடையாள அட்டையைக் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், உண்மையான பரிசோதகர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தேகமாக இருந்தால் அங்கேயே நின்று ரயில்வே உதவி எண்ணான 139க்கு அழைக்கலாம், அல்லது ‘நிலைய மேலாளர் அறைக்குப் போய்ப் பேசிக்கொள்வோம்’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு இடைத்தரகர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இடைத்தரகர்கள் விதவிதமாக இருக்கிறார்கள். வேலை மாறிப்போனவரின் மிச்ச சீசனைப் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் உண்டு. அடுத்தவர் சீசனில் பயணம் செய்வது குற்றம், விற்றவரும் வாங்கியவரும் மாட்டுவார்கள், அக்காள் தங்கை என்றாலும் இதேதான். இப்போது புதிதாக, செல்போனில் பழைய சீசனின் தேதியை மாற்றி அப்படியே செயலி மாதிரித் தெரிய வைத்துத் தருகிறேன் என்று சில பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். பரிசோதகர் அந்த எண்ணைச் சரிபார்த்தால் நிமிடத்தில் வெளுத்துவிடும், அதற்கப்புறம் அது 250 ரூபாய் விவகாரம் அல்ல, போலி ஆவணம் என்று காவல் நிலையத்தில் தனி வழக்காகும். இருநூறுக்குள் முடிகிற ஒரு மாதச் சீசனுக்காக இப்படி ஒரு வழக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் இருக்கும் இளையவர்களிடம் சொல்லுங்கள். டிக்கெட் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று டிக்கெட் எடுத்துத் தருகிறவர்களை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அவர்களில் அனுமதி பெற்ற ஓய்வுபெற்ற ஊழியர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் யாருக்குமே தெரியாத ஒரு விலக்கு இருக்கிறது. சட்டத்தின் 55ஆவது பிரிவு, ரயில் ஏறும் முன்பே அதிகாரம் உள்ள ரயில்வே ஊழியரிடம் சொல்லி, டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ய அனுமதி வாங்கலாம் என்கிறது. அவர் அனுமதி கொடுத்து, பிறகு கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு சான்று எழுதிக் கொடுப்பார். அந்தச் சான்று கையில் இருந்தால் 138இன்படி 250 ரூபாய் கேட்க முடியாது, பயணக் கட்டணம் மட்டும்தான். ‘முன்பே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏறிய பிறகு, பரிசோதகரைத் தூரத்தில் பார்த்த பிறகு, இறங்கும்போது போய்ச் சொன்னால் இந்த விலக்கு கிடையாது. உங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், தாம்பரம் நடைமேடையில் நிற்கும்போதே செல்போன் அணைந்துவிட்டது என்று தெரிந்திருந்து, நிலைய மேலாளரிடம் போய்ச் சான்று கேட்டு வாங்கியிருந்தால் 10 ரூபாயோடு முடிந்திருக்கும். எழுத்தில் இவ்வளவு அழகாக இருக்கிறது. நடப்பில், காலை 8 மணிக் கூட்டத்தில் அந்த மேலாளர் எங்கே இருப்பார், அவர் எப்போது எழுதி முடிப்பார், அதற்குள் எத்தனை வண்டி போயிருக்கும்? சின்ன நிலையத்தில் வண்டி நிற்பதே அரை நிமிடம், கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடம் ஓடிப்போய்க் கேட்க முடியுமா? என் பணிக்காலத்தில் இப்படிச் சான்றோடு வந்த பயணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று ஒரு நிலையத்திலாவது பெரிய எழுத்தில் எழுதி வைத்ததை நான் பார்த்ததில்லை, டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் என்ற பலகை மட்டும் கண்ணில் படும் இடமெல்லாம் இருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆகவே நேரம் இருந்தால் சான்று கேளுங்கள், நேரம் இல்லையென்றால் 10 ரூபாய்க்கு ஒரு சாதா டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுங்கள், சீசன் இருந்தும் திரும்ப எடுப்பதா என்று மனசு கேட்காது, ஆனாலும் எடுங்கள்.

அந்த 10 ரூபாய் டிக்கெட்டுக்கும் திங்கட்கிழமை காலையில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும், நான்கு கவுன்டர் இருக்கும் இடத்தில் இரண்டுதான் திறந்திருக்கும், இயந்திரத்தில் ஒன்று வேலை செய்யாது. முன்பு 50 ரூபாயாக இருந்த கூடுதல் கட்டணத்தை 250 ஆக்கினார்களே, கூட்டம் உள்ள நேரத்தில் எல்லாக் கவுன்டரையும் திறந்து வைக்க வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டார்களா? செயலியில் எடுங்கள் என்கிறார்கள், நடைமேடையில் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க அதே செயலி விடாது, நிலையத்துக்கு வெளியே வந்தோ, நிலையத்தில் வைத்திருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தோதான் எடுக்க வேண்டும். பரிசோதகரைக் கண்டபின் எடுப்பதைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள், காரணம் சரிதான், ஆனால் அதை முதல் தடவை வருகிறவருக்கு யார் சொல்வது?

உங்களுக்கு என் யோசனை, தினமும் போகிறவர் காகிதச் சீசனுக்கே மாறிவிடுங்கள். கவுன்டரில் எடுங்கள், அதோடு அடையாள அட்டையையும் வாங்கி அதன் எண் சீசனில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சீசன், அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இதே 260தான். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், சட்டைப் பையிலோ கைக்குட்டையோடோ வைக்காதீர்கள். வியர்வை பட்டு அச்சு கலைந்த சீசன்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் நீட்டிய தாளில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஊதாக் கறை மட்டும் இருந்தது, அவர் பணம் கட்டியவர்தான் என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிற முகம், அவருக்காக மேலதிகாரியிடம் பேசவேண்டி வந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

செயலியிலேயே தொடர்வதாக இருந்தால் ஒரு விஷயம். 2025 ஜூலையிலிருந்து ரயில்ஒன் செயலி வந்துவிட்டது, அதில் எடுக்கலாம், ஆனால் செயலியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும். ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த சீசனைத் திங்கள் காலை ரயில் நிலையத்துக்குப் போகும் ஆட்டோவில் உட்கார்ந்து புதுப்பித்துவிட்டு நிம்மதியாக ஏறுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள், அன்றைய பயணத்துக்கு அது செல்லாது. முடிவதற்கு 10 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். உங்கள் சீசன் என்றைக்கு முடிகிறது என்று எழுதவில்லை, இந்தப் பதிலைப் படித்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். அந்த 200 ரூபாய் ஆளை மறுபடி அதே மேம்பாலத்தில் பார்த்தால் அவரிடம் போய்ப் பேசாதீர்கள், நாளும் நேரமும் குறித்துக்கொண்டு 139இல் புகாராகப் பதிவு செய்யுங்கள், புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.